பக்கவாதத்திற்குப் பிந்தைய நீண்டகால மீளாய்வு: எப்போது, யாரிடம், எதைக் கேட்பது?

கேள்வி: மறுவாழ்வுப் பிரிவுச் செவிலியர்

வணக்கம். பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டோருக்கான மறுவாழ்வுப் பிரிவு ஒன்றில் பல ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றி வருகிறேன். ஒருவர் வீடு திரும்பும் நாளில் மருந்துச் சீட்டு, உடற்பயிற்சிக் குறிப்புகள், அடுத்து வரவேண்டிய தேதி எல்லாவற்றையும் ஓர் உறையில் இட்டுக் கையில் கொடுத்து அனுப்புகிறோம். முதல் சில வாரங்கள் தவறாமல் வருகிறார்கள். மூன்று மாதம் கழிந்ததும் வருகை குறைகிறது. ஆறாவது மாதத்திற்குள் பெரும்பாலோர் எங்கள் கண்ணில் படுவதே இல்லை. அதன் பிறகு நாங்கள் அவர்களைப் பார்ப்பது, இரண்டாவது முறை பக்கவாதம் வந்தோ, விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோ, உணவு புரையேறி நுரையீரலில் தொற்று உண்டாகியோ தூக்கிக்கொண்டு வரும்போதுதான். அப்போது குடும்பத்தாரிடம் விசாரித்தால், இடைப்பட்ட மாதங்களில் நடந்தவற்றில் பாதியையாவது, யாரேனும் ஒரு முறை நிதானமாக உட்கார்ந்து கேட்டிருந்தால் முன்கூட்டியே அறிந்திருக்கலாம் என்பது தெளிவாகத் தெரிகிறது. இது என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஆகவே வீடு திரும்பியவர்களையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் குறிப்பிட்ட இடைவெளிகளில் சந்தித்து, அவர்களுடைய நிலையை முழுமையாகப் பரிசீலிக்கும் ஒரு முறையைத் தொடங்க எங்கள் பிரிவில் ஒப்புதல் பெற்றிருக்கிறேன். நான்கு பக்கங்களில் ஒரு வினாப் படிவமும் தயாரித்துச் சிலரிடம் சோதித்துப் பார்த்தேன். இரத்த அழுத்தம், மருந்து, நடை, கை இயக்கம், விழுங்குதல், பேச்சு, நினைவாற்றல், மனநிலை, தூக்கம், சிறுநீர்க் கட்டுப்பாடு என எதையும் விட்டுவிடக் கூடாது என்ற எண்ணத்தில் எழுதிய படிவம் அது. ஒருவருக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆனது. மூன்றாம் பக்கத்திற்கு வரும்போது அவர் களைத்துப்போய் எதைக் கேட்டாலும் ஒரே மாதிரி தலையசைக்கத் தொடங்கிவிட்டார். அருகில் அமர்ந்திருந்த அவருடைய மகளுக்கென்று நான் ஒதுக்கியிருந்தது கடைசிப் பக்கத்தின் கடைசி இரண்டு வரிகள். அந்த இடத்திற்கு வந்தபோது அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

இதில் அனுபவமுள்ளவர்களிடம் கேட்க விரும்புபவை இவை. இத்தகைய மீளாய்வை எந்தெந்தக் காலகட்டங்களில் நடத்துவது பொருத்தமாக இருக்கும்? ஏற்கெனவே சோதிக்கப்பட்ட கருவி ஏதேனும் இருந்தால் அதையே பயன்படுத்தலாமா, அல்லது நாங்களே உருவாக்கிக்கொள்ள வேண்டுமா? பராமரிப்பவரை எப்படி, எந்த இடத்தில் வைத்துக் கேட்பது? மருத்துவப் பணியாளர்கள் மட்டுமன்றி, இந்த நோயோடு வாழ்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் பதில் எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில்: நரம்பியல் மருத்துவர்

நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் பணி மிக முக்கியமானது. முதலில் காலக்கெடுவைப் பற்றிச் சொல்கிறேன். இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டு வெளியான தேசியப் பக்கவாதச் செயல்திட்டம், வீடு திரும்பிய ஆறு வாரத்திற்குள் ஒரு முறையும், ஆறு மாதத்திற்குள் மீண்டும் ஒரு முறையும், பின்னர் ஆண்டுதோறும் பரிசீலனை நடக்க வேண்டும் என்று வகுத்தது. இந்த இடைவெளிக்குக் காரணம் இருக்கிறது. முதல் ஆறு வாரங்களில் மருந்துக் குழப்பம், விழுதல், விழுங்குதல் போன்ற பாதுகாப்புச் சிக்கல்கள் முன்னிற்கும். ஆறாவது மாதத்தில் உடல் முன்னேற்றத்தின் வேகம் குறைந்து, இனி இவ்வளவுதானா என்ற கேள்வி மனத்தில் எழும். மனச்சோர்வும், வேலைக்குத் திரும்புவது பற்றிய கவலையும், குடும்ப உறவுகளில் இறுக்கமும் அப்போதுதான் வெளித்தெரியும். பக்கவாதத்திற்குப் பின் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு ஏற்படுகிறது. அது முதல் மாதத்தில் இல்லாமல் இரண்டாம் ஆண்டிலும் தொடங்கலாம் என்பதால், ஒரு முறை கேட்டு இல்லை என்று குறித்துக்கொண்டு நிறுத்திவிட முடியாது. தசை இறுக்கமும் அப்படித்தான். மருத்துவமனையில் துவண்டு கிடந்த கை, சில மாதங்கள் கழித்து விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி, நகம் வெட்டக்கூட முடியாத நிலைக்குப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கருவியைப் பொறுத்தவரை, நீங்களே புதிதாக எழுத வேண்டியதில்லை. பக்கவாதத்திற்குப் பிந்தைய சரிபார்ப்புப் பட்டியல் என்ற ஒன்றைப் பன்னாட்டு வல்லுநர் குழு உருவாக்கியிருக்கிறது. அதில் மீண்டும் வராமல் தடுத்தல், அன்றாடச் செயல்கள், நடமாட்டம், தசை இறுக்கம், வலி, சிறுநீர் மலக் கட்டுப்பாடு, பேச்சும் தொடர்பும், மனநிலை, சிந்தனைத் திறன், பக்கவாதத்திற்குப் பின்னான வாழ்க்கை, குடும்ப உறவு என 11 கேள்விகளே உள்ளன. இங்கிலாந்தின் கிரேட்டர் மான்செஸ்டரில் ஆறாவது மாதப் பரிசீலனைக்கென்று உருவான மதிப்பீட்டுக் கருவி இதைவிட விரிவானது. இவற்றில் எனக்குப் பிடித்த அம்சம், ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்திலேயே, சிக்கல் இருந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருப்பது. அன்றாடச் செயல்களைத் தானாகச் செய்யும் திறனை அளக்கும் பார்தெல் குறியீடு, இயலாமையின் அளவைக் குறிக்கும் ரேங்கின் அளவுகோல் போன்றவை ஒருவரின் நிலையை எண்ணாகச் சொல்லும். ஆனால் அந்த எண்ணைக் கொண்டு நாளை காலை யாரைக் கூப்பிடுவது என்று அவை சொல்வதில்லை. பார்தெல் குறியீட்டில் முழு மதிப்பெண் பெற்ற ஒருவர் வீட்டைவிட்டு வெளியே வர அஞ்சி அறைக்குள்ளேயே முடங்கியிருக்கக்கூடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தகைய நீண்டகாலப் பராமரிப்பு முறைகளைச் சோதித்த பெரிய ஆய்வுகளின் முடிவுகள் ஊக்கமளிப்பவையாக இல்லை. 2004இல் ஒரே மையத்தில் 300 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், பராமரிப்பவர்களுக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி அளித்தபோது அவர்களுடைய சுமை குறைந்தது தெரியவந்தது. அதை நம்பிப் பல மையங்களில் விரிவுபடுத்திய ஆய்வு 2013இல் வெளியானபோது வழக்கமான பராமரிப்பைவிட அது மேலானதாகத் தெரியவில்லை. நோயாளிகளின், பராமரிப்பவர்களின் தேவைகளை முறைப்படி கேட்டறிந்து திட்டமிடும் முறை பற்றிய 2015ஆம் ஆண்டு ஆய்விலும், இந்தியாவில் 1250 பேரிடம் நடந்து 2017இல் வெளியான குடும்பத்தார் வழி மறுவாழ்வு ஆய்விலும் இதே நிலைதான்.

இவற்றைப் படித்துவிட்டு மீளாய்வே வீண் என்று முடிவு செய்பவர்களோடு நான் உடன்படவில்லை. கேட்டறிவது ஒரு வேலை. கேட்டதற்கு வழிசெய்வது வேறொரு வேலை. முதலாவதற்குப் படிவமும் பயிற்சியும் கொடுத்துவிட்டு இரண்டாவதற்கு ஆளும் நேரமும் ஒதுக்காவிட்டால் பலன் எங்கிருந்து வரும்? அதனால் உங்களுக்கு என் முதல் ஆலோசனை: படிவத்தில் கேள்விகள் உள்ள இடப்பக்கத்தை அப்படியே வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்பதற்கான வலப்பக்கத்தை எழுதத் தொடங்குங்கள். தோள்வலி என்று ஒருவர் சொன்னால் அவரை யார் பார்ப்பார், எத்தனை நாளுக்குள், பார்த்தாரா என்பதை யார் உறுதிசெய்வார்? இந்த மூன்றுக்கும் பெயர் குறிப்பிட்டுப் பதில் எழுத முடியாத கேள்வியை, அந்த வழி ஏற்படும்வரை படிவத்தில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

பதில்: கணவரைப் பார்த்துக்கொள்பவர்

செவிலியர் அவர்களுக்கு வணக்கம். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. வலப்பக்கம் பலவீனம், பேச்சு ஓரளவு திரும்பிவிட்டது. மருத்துவரின் கருத்தை மதித்துப் படித்தேன். ஆனால் வழி ஏற்படும்வரை கேட்கவே வேண்டாம் என்று சொல்வதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. கேட்கப்படாமல் போனதால் நாங்கள் இழந்தது என்ன என்று சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்த ஐந்தாவது மாதத்தில் அவருடைய இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. மருந்தின் அளவைக் கூட்டினார்கள். பிறகு இன்னொரு மருந்தைச் சேர்த்தார்கள். வேளை தவறாமல் நான்தான் மாத்திரையை என் கையால் கொடுத்துத் தண்ணீரும் கொடுப்பேன். மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டவர்களுக்கு, ஆமாம் என்று உறுதியாகச் சொன்னேன். ஒரு நாள் படுக்கை விரிப்பை மாற்றும்போது தலையணை உறையில் இளஞ்சிவப்புக் கறை தெரிந்தது. உதிரமோ என்று பதறிப்போய் அவருடைய வாயைத் திறந்து விரல்விட்டுப் பார்த்தேன். வலப்பக்கக் கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் பாதி கரைந்த மாத்திரை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் உணர்ச்சி குறைவாக இருந்ததால் அது அங்கே தங்கியிருப்பதே அவருக்குத் தெரியவில்லை. எத்தனை மாதங்களாக இப்படி நடந்ததோ தெரியாது. மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டவர்கள் பலர். விழுங்கி முடித்தாரா, வாயில் தங்குகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. விழுங்குதலைப் பரிசோதித்தது மருத்துவமனையில் இருந்தபோது ஒரே ஒரு முறை. உங்கள் படிவத்தில் வேறு எதைச் சுருக்கினாலும் இதை நீக்கிவிடாதீர்கள். சாப்பிட்டு முடித்தபின் கன்னத்தில் உணவு தங்குகிறதா, தண்ணீர் குடிக்கும்போது இருமல் வருகிறதா, குரல் ஈரமாகக் கரகரக்கிறதா என்று கேளுங்கள்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்டிருப்பதால். இந்த மூன்று ஆண்டுகளில் என்னிடம், உங்களுக்கு ஏதேனும் சிரமம் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார்கள். இரண்டு முறையும் அவர் சக்கர நாற்காலியில் என் பக்கத்தில் அமர்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, இரவில் நான்கு முறை எழுந்திருப்பதால் தலை சுற்றுகிறது என்றோ, அவரைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போய்விட்டது என்றோ, சில வேளைகளில் அவர்மீது எரிந்து விழுந்துவிட்டுக் குளியலறையில் போய் அழுகிறேன் என்றோ எந்த மனைவியால் சொல்ல முடியும்? ஒன்றுமில்லை, சமாளிக்கிறேன் என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாம் ஆண்டில் ஒரு செவிலியர், அவரைப் பயிற்சிக்கு உள்ளே அனுப்பிவிட்டு என்னை வேறொரு அறையில் உட்கார வைத்து, எதுவும் கேட்காமல் முதலில் என் கையில் இரத்த அழுத்தக் கருவியைச் சுற்றினார். உங்களுக்கு இரத்த அழுத்தத்தை ஒருவர் கடைசியாக எப்போது பார்த்தார் என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று நான் சொன்னவற்றைத்தான் முதல் ஆண்டிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆகவே தனி அறை, தனி நேரம், தனிப் படிவம் வேண்டும். நான் சொன்னவற்றில் பலவற்றுக்கு அந்தச் செவிலியரிடமும் தீர்வு இருக்கவில்லை. ஆனாலும் ஒருவரைத் தூக்காமல், நாற்காலியிலிருந்து சாய்த்து எழுப்பும் முறையைப் பத்து நிமிடத்தில் காட்டிக்கொடுத்தார். என் இடுப்பு வலி அதன்பின் வெகுவாகக் குறைந்தது.

பதில்: பக்கவாதத்திலிருந்து மீண்டவர்

எனக்குப் பக்கவாதம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பார்ப்பவர்களுக்கு நான் முழுமையாகக் குணமடைந்தவன். நடக்கிறேன், பேசுகிறேன், இரு கைகளையும் பயன்படுத்துகிறேன். படிவங்களில் எனக்கு எப்போதும் நல்ல மதிப்பெண்தான் கிடைக்கும். நீங்களாகவே குளிக்கிறீர்களா என்று கேட்பார்கள், ஆம் என்பேன். பொய் இல்லை. ஆனால் குளித்துவிட்டு வந்தால் சட்டைப் பொத்தானைப் போடத் தெம்பில்லாமல் ஈரத்துண்டோடு கட்டிலின் விளிம்பில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். அந்த நாளின் மீதி முற்பகல் அதோடு போய்விடும். இது சோம்பலும் இல்லை, தூக்கக் குறைவும் இல்லை. எவ்வளவு தூங்கினாலும் தீராத அயர்ச்சி. பக்கவாதத்தின் நேரடி விளைவாகவே இப்படி வரும் என்பதையும், மிக லேசான பக்கவாதம் வந்தவர்களுக்கும் இது நேரும் என்பதையும் இரண்டாம் ஆண்டில்தான் ஒருவர் எனக்கு விளக்கினார். அதுவரை என் உள்ளத்தில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணி என்னையே வெறுத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே செய்ய முடிகிறதா என்பதோடு நிறுத்தாமல், செய்து முடித்தபின் எப்படி இருக்கிறீர்கள் என்றும், முன்பு செய்தவற்றில் எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்கள் உங்களை வியக்கவைக்கும். நான் விட்டது புத்தகம் படிப்பது. ஒரு பக்கம் முடிவதற்குள் முதல் வரி நழுவிவிடும்.

மற்றொன்று. வேலை, வாகனம் ஓட்டுதல், தாம்பத்தியம் ஆகிய மூன்றையும் யாரும் தாமாகக் கேட்பதில்லை. நாங்களும் வெட்கப்பட்டுக்கொண்டு எழுப்புவதில்லை. நீங்களே பேச்சைத் தொடங்கினால்தான் உண்டு. பலர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள், நீங்கள் ஏதேனும் அறிய விரும்புகிறீர்களா என்று தொடங்கினால் கூச்சம் விலகும். மேலும் படிவத்தைச் சந்திப்பதற்கு ஒரு வாரம் முன்னரே அனுப்பி, இதில் உங்களுக்கு மிக முக்கியமான மூன்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லுங்கள். என்னைப் போன்றவர்களுக்குச் சிந்திக்க நேரம் வேண்டும். எதிரில் ஒருவர் பேனாவோடு காத்திருந்தால் வாயில் முதலில் வருவது, நன்றாக இருக்கிறேன் என்பதுதான்.

பதில்: பேச்சு மொழிப் பயிற்சியாளர்

ஒரு சிறு சேர்க்கை. பேச்சிழப்பு உள்ளவர்களை, அதாவது சொல்ல வந்தது மனத்தில் இருந்தும் சொல் கிட்டாதவர்களையும், பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதில் தடுமாறுபவர்களையும், இத்தகைய பரிசீலனைகளில் எளிதாக விட்டுவிடுகிறோம். அவர்களுக்குப் பதிலாகக் குடும்பத்தார் சொல்லிவிடுகிறார்கள். நான் பார்த்த ஒருவருடைய மகன், அப்பாவுக்குக் கவலை எதுவும் இல்லை என்றார். முகங்கள் வரைந்த அட்டைகளை மேசையில் பரப்பியபோது அந்தத் தந்தை தயக்கமில்லாமல் அழும் முகத்தின் மீது விரலை வைத்து, எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தார்.

எனவே படத்துடன் கூடிய எளிய படிவம் ஒன்றும், இரு மடங்கு நேரமும் இவர்களுக்காக ஒதுக்குங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி மட்டுமே இருக்கட்டும். ஆம், இல்லை என்ற தலையசைப்பை அப்படியே நம்பாமல், அதே செய்தியை மாற்றிக் கேட்டு உறுதிசெய்யுங்கள். மனநிலையை அறிய, உடனிருப்பவர் கவனித்துக் குறிக்கும் வகையில் பேச்சிழப்பு உள்ளவர்களுக்கென்றே உருவாக்கப்பட்ட வினாநிரல்கள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தலாம். இவர்களைத் தொலைபேசியில் மட்டும் பரிசீலிப்பது கூடாது.

செவிலியரின் மறுமொழி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அச்சிட்டு எங்கள் குழுவினரோடு அமர்ந்து இரண்டு முறை படித்தோம். நான்கு பக்கப் படிவத்தைக் கைவிட்டுவிட்டு 11 கேள்விப் பட்டியலை அடிப்படையாக எடுத்துக்கொள்கிறோம். அதோடு வாயில் உணவும் மாத்திரையும் தங்குதல், அயர்ச்சி, விட்டுவிட்ட செயல்கள் ஆகிய மூன்றைச் சேர்த்திருக்கிறோம். ஒரு வாரம் முன்னரே வீட்டுக்கு அனுப்புவோம். பராமரிப்பவருக்குத் தனிப் படிவமும் வேறோர் அறையும் ஒதுக்கியாயிற்று. அம்மா அவர்கள் எழுதியதைப் போல, அங்கே முதலில் அவருடைய இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவோம்.

வலப்பக்கத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் எங்கள் குறை எங்களுக்கே புலப்பட்டது. மருந்து, நடை, விழுங்குதல் ஆகியவற்றுக்கு உடனே பெயர் எழுத முடிந்தது. மனச்சோர்வுக்கும் அயர்ச்சிக்கும் எழுத எங்களிடம் ஆள் இல்லை. இந்த இரண்டையும் நீக்க என் மனம் ஒப்பவில்லை. ஐயா, இங்கே என்ன செய்வது?

நரம்பியல் மருத்துவர்

அந்த அம்மா எழுதியதைப் படித்தபின் என் கருத்தைத் திருத்திக்கொண்டேன். இரண்டையும் நீக்க வேண்டாம். அயர்ச்சிக்கு முதல் உதவி விளக்கமே. அது நோயின் விளைவு என்று சொல்வதும், வேலையைப் பிரித்து இடையிடையே ஓய்வெடுக்கக் கற்றுக்கொடுப்பதும் நீங்களே செய்யக்கூடியவை. அதற்கு முன் இரத்தசோகை, தைராய்டு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், அயர்வூட்டும் மருந்துகள் இவற்றில் எதுவும் காரணமில்லை என்பதை மருத்துவரைக் கொண்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மனச்சோர்வைப் பொறுத்தவரை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாக ஒருவர் சொன்னால் அன்றே யாரிடம் அழைத்துச் செல்வது என்பதை மட்டும் முதல் சந்திப்புக்கு முன்னரே கட்டாயம் முடிவு செய்துவிடுங்கள். மற்றவர்களுக்கு வலப்பக்கத்தில் உங்கள் பெயரையே எழுதி, இரண்டு வாரத்திற்குள் நீங்கள் மீண்டும் தொலைபேசியில் அழைக்கும் தேதியையும் குறியுங்கள். ஆறு மாதம் கழித்து, அந்த வலப்பக்கத்தில் உங்கள் பெயர் எத்தனை முறை எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணி நிர்வாகத்திடம் காட்டுங்கள். மனநல ஆலோசகர் ஒருவரைக் கேட்பதற்கு அதைவிட வலுவான சான்று உங்களிடம் இருக்காது.